துரை வீட்டுக் கணப்பு

ஜேசிபியின் கை முகப்பு ஓட்டைத் தொட ஒரு முழம் இருக்கும்போது வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது.

கதிர்வேல் நிறுத்து என்று சொல்ல வாய் வராமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். ஜேசிபிக்குள் இருந்த கந்தப்பன் அதை ஆரம்பிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு கையை இன்னும் கொஞ்சம் இறக்கினான். ஓரத்து ஓடு ஒன்று கழன்று விழுந்து சில்லுச் சில்லானது. அதற்குப் பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கைத்தறிப் புடவை, நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. இறங்கியதும் போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். வீட்டைப் பார்த்து, தென்னந்தோப்பைப் பார்த்து, ரோட்டைப் பார்த்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

படம் எடுக்கிறாள். முடிந்தது கதை என்று நினைத்தான் கதிர்வேல்.

கந்தப்பன் போன வாரம்தான் சொல்லியிருந்தான். தெற்கே எங்கோ ஓர் ஊரில் ஒருத்தர் பாட்டன் காலத்துப் பங்களாவை இடிக்கப் போனாராம். ஊர்ப் பெயர் கந்தப்பனுக்கே தெரியாது. கோயமுத்தூரிலிருந்து வெள்ளைக் காரில் ஓர் அம்மா வந்து இறங்கி, நாலு பக்கமும் படம் பிடித்து, இது பாரம்பரியக் கட்டடம், ஒரு செங்கல்லை உருவக்கூடாது என்று நிறுத்திவிட்டதாம். இப்போது அந்த மனுசன் பங்களாவுக்கு எதிரில் வாடகைக்கு வீடு பிடித்து, அது தானாக விழுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஏனுங்க," என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள், "இந்த..."

"மொதல்ல உள்ள வாங்க அம்மணி. வெயில்ல நின்னுட்டு என்ன பேச்சு."

"இல்லீங்க, ஒரே நிமிசம்..."

"மோர் குடிச்சுட்டுப் பேசலாங்க. டிரைவரண்ணா, நீங்களும் வாங்க."

இந்தப் பக்கத்தில் அது சட்டம். வாசலுக்கு வந்தவர் கழுத்தறுக்கவே வந்திருந்தாலும், வாய் நனைவதற்கு முன்னால் என்ன சோலி என்று கேட்கக்கூடாது. கேட்டால் துரத்துகிறோம் என்று அர்த்தம். வந்தவரும் அதற்குள் சோலியைச் சொல்லிவிடக்கூடாது. சொன்னால், உங்கள் முகத்தைப் பார்க்க வரவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணும் சூலூர்க்காரி. சட்டம் தெரிந்தவள். ஒரு பெருமூச்சு விட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

கழற்றும்போது ஜேசிபியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தென்னம்புள்ளை வெக்கறதுக்குக் குழி எடுக்கலாம்னுங்க," என்றான் கதிர்வேல்.

கூரை உயரத்தில் நிற்கும் கையை வைத்து எப்படிக் குழி எடுப்பீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கந்தப்பன் வண்டியைப் பின்னால் எடுத்துத் துணி காயப்போடும் கம்பியை அறுத்துக்கொண்டு போனான்.

வீடு ஒன்றும் அரண்மனை அல்ல. வெள்ளகோவிலுக்கு வெளியே, முத்தூர் ரோட்டில், ரோடு போடுவதை மேற்பார்வை பார்த்த ஒரு சின்னத் துரைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பெரிய துரைகள் எல்லாரும் ஊட்டிக்குப் போய்விட்டார்கள். இந்த ஆளை மட்டும் இங்கே விட்டுவிட்டார்கள். மூன்று அறைகள், மரச்சட்டம் அடித்த முகப்பு, சீமை ஓடு, ஒரே ஒரு ஜன்னலில் பச்சைக் கண்ணாடி. குளிக்கவும் மற்றதற்கும் வீட்டை விட்டு இறங்கிப் பொடக்காலிக்குப் போக வேண்டும், மழை பெய்தாலும்.

கூடத்துச் சுவரில் ஒரு கணப்பு. குளிர்காய விறகு எரிக்கும் அடுப்பு, அதன் மேலே கூரையைத் தாண்டிப் போகிற புகைக்கூண்டு. மார்கழியிலேயே ஃபேன் போட்டுப் படுக்கிற ஊரில் குளிர்காய அடுப்புக் கட்டியவனை என்னவென்று சொல்வது? கதிர்வேலின் பாட்டன் வீட்டை ஏலத்தில் எடுத்தபோது அதைச் சாமி மாடம் என்று நினைத்துக் கொஞ்ச காலம் விளக்கு வைத்தாராம். கதிர்வேல் காலத்தில் அதில் சின்ன வெங்காயம் இருந்தது.

கணப்பு வழியாக ஒரு நாளும் புகை மேலே போனதில்லை. மேலேயிருந்து கீழேதான் ஏதேதோ வந்துகொண்டிருந்தன. மழை வந்தது, அணில் வந்தது, ஒரு தடவை ஆந்தை வந்தது. தைப்பொங்கல் கழிந்து மனைவி மோகனப்பிரியாவின் தங்கை குடும்பம் விருந்துக்கு வந்து, எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தூசியும் சருகுமாக ஒரு மரநாய் விழுந்தது. விழுந்த மரநாய் வரிசையாக நாலு இலைகளில் நடந்து வெளியே போனது.

மோகனப்பிரியா கத்தவில்லை. கையைக் கழுவினாள். பெட்டியை எடுத்தாள். பவானியில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் தங்கை காரிலேயே ஏறிவிட்டாள். கார்க் கண்ணாடியை இறக்கிக் கணவனிடம் சொன்னாள்.

"ஏனுங்க, இந்த ஊடு உழுந்த அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. வாரேன்."

கோபத்திலும் 'ங்க' போடுகிற பெண்ணிடம் பேரம் பேச முடியாது. கோயமுத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ரித்திகாவும் அம்மா பக்கம்தான். கதிர்வேல் மெஸ்ஸில் சாப்பிட்டான். அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பக்கத்திலேயே இருந்த தன் கொப்பரைக் களத்துக்குப் போய்த் தேங்காயைத் திருப்பிப் போட்டான். வீட்டுக்கு வந்தான். மறுபடி களத்துக்குப் போய்த் திருப்பிப் போட்டதையே திருப்பிப் போட்டான். களத்தில் வேலை செய்கிற பாப்பாயி, தேங்காய்க்குத் தலை சுத்துது சாமி என்றாள். இடித்துவிட்டு, குளியலறை உள்ளேயே வைத்த, மேலே ஓடு இல்லாத ஒரு சின்னத் தார்சு வீடு. அவ்வளவுதான் அவன் கேட்டது. அதற்குத்தான் ஜேசிபி வந்தது. அப்போதுதான் வெள்ளைக் காரும் வந்தது.

மோர் குடித்தார்கள். மணி பார்த்தால் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை மோரோடு அனுப்பினால் ஊர் என்ன பேசும். மெஸ்ஸிலிருந்து பொட்டலம் வரவழைத்தான். டிரைவர் பிரான்சிஸ், ஐம்பது வயதுக்காரர், மறு பேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். அந்தப் பெண், பெயர் ஹர்ஷிணி என்றாள், இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் கதிர்வேல் ரசம் ஊற்றினான்.

ஆனால் சும்மா இருக்கும் வாய் அவனுக்கு இல்லை. அவளாக ஆரம்பிப்பதற்குள் தானாகச் சொல்லிவிட்டால் பாதி தண்டனை குறையும் என்று தோன்றியது. பழைய வீடு, நூறு வருசத்துக்கு மேல் ஆச்சு, துரை கட்டினது, இதுதான் கணப்பு, அதுதான் பச்சைக் கண்ணாடி என்று கொட்டித் தீர்த்தான். கஷ்டத்தைச் சொல்வதாக அவன் நினைப்பு. கேட்டுக்கொண்டே சாப்பிட்டவள், தான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை சொல்லித்தருவதாகச் சொன்னாள்.

இவள்தான் கந்தப்பன் சொன்ன அந்த அம்மா. சந்தேகமே இல்லை.

இலையை மடித்துவிட்டு ஹர்ஷிணி ஒரு தடவை கூரையைப் பார்த்தாள்.

"நெம்ப நல்ல ஊடுங்க. இந்த மாதிரியெல்லாம் இப்ப எங்கீங்க இருக்குது. பத்தரமா வெச்சுக்கோங்க."

அவன் காதில் அது உத்தரவாக விழுந்தது. அவள் எழுந்து, "ஏனுங்க, அப்பறம் இங்கிருந்து..." என்று இழுத்தபோது, இன்னும் என்னென்ன உத்தரவு வருமோ என்று பயந்து, "எதுவானாலும் போன் நெம்பர் குடுத்துட்டுப் போங்க, நானே கூப்புட்டுக் கேட்டுக்கறேன்" என்று முடித்து வைத்தான்.

கார் முத்தூர்ப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வீட்டு முன்னால் மெதுவாகி, வெள்ளகோவில் பக்கம் போனது. மறுபடியும் வந்தது. மறுபடியும் மெதுவானது.

"நாலாப் பக்கமும் அளக்குது மாப்ள," என்றான் கந்தப்பன், தோப்புக்குள் ஜேசிபியின் நிழலில் நின்றுகொண்டு. "அந்தப் பங்களாக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்."

சாயங்காலம் பவானியிலிருந்து போன் வந்தது.

"உழுந்துச்சுங்களா?"

கதிர்வேல் நடந்ததைச் சொன்னான். கேட்டுவிட்டு மோகனப்பிரியா, தான் ஒரு மரநாய்க்குப் பயந்து ஊரை விட்டு வந்ததாகவும், அவர் ஒரு வாத்தியாரம்மாவுக்குப் பயந்து வண்டியைத் திருப்பி அனுப்பியதாகவும், இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்தான் என்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் கந்தப்பன் யோசனையோடு வந்தான். இடிக்கிறோம் என்று நாம் சொன்னால்தானே தப்பு. வீடு இன்றைக்கோ நாளைக்கோ விழப்போகிறது என்று சொல்வோம். ஓடு ஒழுகுகிறது, உத்தரம் கரையான், சுவர் வெடிப்பு. கேட்டதும் அவர்களே இடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

கதிர்வேல் களத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடியே ஹர்ஷிணிக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். கரையானைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மோகனப்பிரியா ஞாபகம் வந்துவிட்டது.

ஹர்ஷிணி கொஞ்சம் தயங்கினாள். "அப்படீங்களா... அவ்வளவு கஷ்டப்படறீங்களா. நான் வேண்ணா பசங்களைக் கூட்டிட்டு வந்து ஒரு நாளு பாக்கட்டுங்களா?"

வருகிறேன் என்று சொல்கிறவரை வராதே என்று சொல்கிற வாய் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

"வாங்க, வாங்க," என்றான் கதிர்வேல்.

ஒரு பஸ் நிறைய வந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு கூரை மேல் ஏறினார்கள். உடைந்த ஓடுகளை மாற்றினார்கள். கந்தப்பன் உடைத்த ஓரத்து ஓட்டுக்குப் பதிலாக எங்கோ தேடி அதே அச்சில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கரையானுக்கு மருந்து அடித்தார்கள். வெடிப்புக்குச் சுண்ணாம்பு அரைத்துப் பூசினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அவர்களுக்கு அது பாடமாம். கதிர்வேல் ஒரு பஸ் ஆட்களுக்கும் மூன்று வேளை சோறு போட்டான். முப்பது வருசமாக ஒழுகிக்கொண்டிருந்த வீடு, அந்த வாரம் பெய்த கோடை மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

கதிர்வேல் கூடத்தில் அண்ணாந்து படுத்துக்கொண்டு ஒரு சொட்டாவது விழாதா என்று காத்திருந்தான். தூக்கம் வரவில்லை.

"வேண்டாம்னு மொகத்துக்கு நேரா சொல்லு மாப்ள," என்றான் கந்தப்பன்.

"சொல்றேன்."

சொன்னான். போனில், தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, "இனிமே நீங்க ஒண்ணும் செரமப்பட வேண்டாங்க. நாங்களே பாத்துக்கறோங்க" என்றான். அவன் அகராதியில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. சொல்லிவிட்டு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் கொங்கு நாட்டில் யாராவது வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். வைக்காமல் போனால், நீங்கள் வேண்டாம் என்றதை நான் நம்பிவிட்டேன் என்று அர்த்தம். அதைவிட அவமரியாதை வேறு இல்லை. செரமப்பட வேண்டாம் என்பதைக் கேட்டதும் ஹர்ஷிணிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே பிள்ளைகளோடு மறுபடி வந்தாள். பிரான்சிஸ் இந்த முறை கேட்காமலேயே இலை போட்டு உட்கார்ந்தார்.

இந்தத் தடவை கணப்பு. வெங்காயத்தை எடுத்து வெளியே கொட்டினார்கள். புகைக்கூண்டைத் துடைத்து, மேலே கம்பி வலை கட்டினார்கள். பிறகு, வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தேங்காய் மட்டையைப் போட்டுப் பற்றவைத்தார்கள்.

சித்திரை மாதம். நண்பகல். வெளியே கொப்பரை தானாகப் பொரிகிற வெயில். உள்ளே இருபது பேர் கணப்பைச் சுற்றி நின்று, வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, புகை எவ்வளவு நேராக மேலே போகிறது என்று பார்த்துக் கைதட்டினார்கள். நூறு வருசத்தில் அது முதன்முறையாக எரிந்தது. துரைகூட எரித்திருக்க மாட்டான்; அவனுக்கு அவ்வளவு பைத்தியம் இல்லை. கூரைக்கு மேல் புகையைப் பார்த்து முத்தூர் ரோட்டில் போன ஆட்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓடிவந்தார்கள். வந்தவர்களுக்கும் மோர் கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்கள் மோர் குடித்துவிட்டு, கதிர்வேலு ஊட்டுக்கு என்னமோ பெரிய மதிப்பு வந்துவிட்டதாம் என்று ஊருக்குள் போய்ச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவன் டீக்கடைக்குப் போக முடியவில்லை. டவுனில் பத்திரம் எழுதுகிறவர் எழுந்து நின்று கும்பிட்டார். உன் வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமாமே என்று ஒருத்தர் கேட்டார். சினிமா எடுக்க வருகிறார்களாமே என்று இன்னொருத்தர். மோகனப்பிரியாவின் போன் வருவது நின்றுபோனது. ரித்திகா மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்: அம்மா ரேஷன் கார்டைப் பவானிக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்கிறாள்.

அன்றைக்குக் கதிர்வேல் முடிவு செய்தான். போனில் வேண்டாம். நேரில் போய், கண்ணைப் பார்த்து, வீட்டை இடிக்கப் போகிறேன், விடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். பெண்டாட்டி பெரிதா, பச்சைக் கண்ணாடி பெரிதா.

கோயமுத்தூர் பஸ் ஏறினான். வெறுங்கையோடு போக முடியாது. மடியில் ஒரு டின் தேங்காய் எண்ணெய், காலடியில் ஒரு குலை இளநீர். பல்லடம் வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். சூலூர் தாண்டும்போது அது நன்றாக அமைந்துவிட்டது. சிங்காநல்லூரில் இறங்கும்போது, இளநீர்க் குலை ஒரு அம்மாவின் காலில் இடித்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டதில் பாதி மறந்துவிட்டது.

கல்லூரியில் ஹர்ஷிணியின் அறை சின்னது. எண்ணெய் டின்னை மேசை மேல் வைத்தான். இளநீரைக் கதவோரம் வைத்தான். அவள் அதையும் இதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் களைப்பு தெரிந்தது.

காப்பி வந்தது. குடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். டம்ளரை வைத்துவிட்டுக் கதிர்வேல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த ஊட்டு விசயமா ஒண்ணு சொல்லோணுங்க."

"தெரியுங்க," என்றாள் ஹர்ஷிணி. "நானும் மாசக்கணக்கா பாத்துட்டுத்தான் இருக்கறேன். உங்களுக்கு அந்த ஊட்டு மேல இருக்கற உசுரு எனக்குப் புரியாம இல்லீங்க. நீங்க வாயத் தொறந்து கேக்க மாட்டீங்க. இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கறீங்க. செரிங்க. பலகை வெச்சுப்போடலாங்க."

"பலகைங்களா?"

பழைய கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். நல்ல கட்டடமாகப் பார்த்துப் பித்தளைப் பலகை பதிப்பார்களாம். இதுவரை அரண்மனை, மில், ஆஸ்பத்திரி என்று பெரிதாகத்தான் வைத்திருக்கிறார்களாம். சாதாரண வீட்டுக்கு வைத்ததில்லை. குழுவில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் பெருமூச்சு விட்டாள்.

இதுதான் நேரம். கதிர்வேல் தொண்டையைச் செருமினான். அவனுக்குத் தெரிந்த மிகக் கடுமையான வார்த்தையை மறுபடியும் எடுத்தான்.

"அதெல்லாம் எதுக்குங்க செரமம்."

"செரமம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அவள்.

திரும்பி வரும் பஸ்ஸில் காலியாக இருந்த இருக்கையில் அவன் உட்காரவே இல்லை. வெள்ளகோவில் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான்.

வைகாசி முகூர்த்தத்தில் விழா வைத்தார்கள். வீட்டு முன்னால் பந்தல். ரோட்டை மறித்து ஃப்ளக்ஸ் பேனர். அதில் வீடு சின்னதாக இருந்தது, கதிர்வேல் பெரிதாக இருந்தான். ஃப்ளக்ஸ் செலவு கந்தப்பனுடையது. இடிக்க முடியாத பாவத்துக்கு இதையாவது செய்கிறேன் என்றான். பலகையில் 'பாதுகாக்கப்பட வேண்டிய பாரம்பரிய இல்லம்' என்று வெட்டியிருந்தது. அதைச் சுவரில் ஆணி அடித்துப் பதித்தபோது ஒவ்வோர் அடியும் தன் மண்டையில் விழுவது போல இருந்தது கதிர்வேலுக்கு. கடைசி ஆணி இறங்கும் வரைக்கும் வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. அவனும் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து யாரோ பொன்னாடை போர்த்தினார்கள்.

மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தான். எதிரே முதல் வரிசையில் ஹர்ஷிணி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் குழுவின் பெரியவர்கள். எல்லாரும் சாப்பிடாமல் இருந்தார்கள்.

"எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போகோணும்," என்றான் கதிர்வேல். கைதட்டினார்கள்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பந்தல் ஓரத்தில் மோகனப்பிரியா நின்றிருந்தாள். கையில் பெட்டி இல்லை. ஒரு பை மட்டும் இருந்தது. விழாவைக் கேள்விப்பட்டுப் பவானியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். கதிர்வேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிட்டே போனான். சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அவள் நேராக வீட்டுக்குள் போனாள். அவனும் பின்னாலேயே போனான். கூரையைப் பார்த்தாள். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தாள். கணப்புக்குள் தலையை விட்டு மேலே வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். வெளியே வந்து பித்தளைப் பலகையை இரண்டு தடவை படித்தாள். முன் வரிசையில் இருந்த ஹர்ஷிணியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் புள்ளதானுங்களா?"

"ஆமா."

"படிச்ச புள்ளையாட்டத்தான் இருக்குது."

"காலேஜுல வாத்தியாரம்மா."

மோகனப்பிரியா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஏனுங்க, நான் உங்க பேச்சை நம்பி வரலீங்க. நீங்க யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவீங்க. ஆனா அத்தனை படிச்ச ஒரு புள்ள, கோயமுத்தூர்ல எத்தனையோ பங்களா இருக்கறப்ப, இந்த ஊட்டைத் தேடிக் கண்டுபுடிச்சுட்டு வந்திருக்குதுன்னா, நம்ம கண்ணுக்குத் தெரியாத என்னமோ இதுல இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம். அதுக்காகத்தான் வந்தேன். பொடக்காலியை மட்டும் உள்ளார கொண்டாந்துருங்க. நான் இருந்துக்கறேன்."

கதிர்வேலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தையிலிருந்து முதன்முறையாக அவன் கால்கள் ஓர் இடத்தில் நின்றன. இந்த வீட்டைக் கட்டிய துரை, அதை ஏலத்தில் எடுத்த பாட்டன், வெள்ளைக் காரை இந்த வாசலில் நிறுத்திய விதி, எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான். மோகனப்பிரியா பையை வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். விருந்துக்கு வந்த ஒரம்பரை சாப்பிட உட்கார்ந்தாயிற்று. வீட்டுக்காரி பரிமாறாமல் நிற்க முடியாது. ரச வாளியை எடுத்துக்கொண்டாள்.

முதல் பந்தியில் முதல் ஆளாகப் பிரான்சிஸ் உட்கார்ந்திருந்தார். கதிர்வேல் அவருக்குச் சோறு போட்டான். போதும் என்றார். இன்னும் போட்டான். சந்தோசம் வந்தால் அவனுக்குப் பேசாமல் இருக்க முடியாது. மோகனப்பிரியாவைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினான். டிரைவர் வாயாலேயே எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தான். அவர் சாப்பிட ஆரம்பித்தாயிற்று. இனி எதையும் கேட்கலாம்.

"டிரைவரண்ணா, எங்கூட்டுக்காரி கேக்கட்டும், நல்லாச் சொல்லுங்க. இந்தக் காட்டுக்குள்ள கெடக்கற ஊட்டை அம்மணி எப்படிங்க தேடிக் கண்டுபுடிச்சாங்க?"

பிரான்சிஸ் வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார். ரச வாளியோடு பக்கத்தில் நின்ற மோகனப்பிரியாவுக்கு இலையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

"நாங்க தேடுனது அம்மணியோட மாமனூட்டைங்க," என்றார், "உங்ககிட்ட வழி கேக்கத்தான் அன்னைக்கு எறங்குனாங்க."